பால் படம்

சற்குணத்தின் கை கிரேனை ஓட்டும் குச்சியின் மேலேயே நின்றது. கப்பலிலிருந்து எடுத்த இரும்புப் பெட்டி ஏழாம் வரிசைச் சந்துக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் இறக்கவில்லை.

இறக்காமல் நிற்கும் பெட்டிக்கு இந்த அறையில் கெடு உண்டு. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு குறுகிக்கொண்டே வரும். அது தீர்ந்தால் வேலை தானாகப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் இறக்கிவிடுவார். குச்சியைக் கொஞ்சம் அசைத்தால் கோடு மறுபடி நீளும். சற்குணம் அசைத்துக்கொண்டே இருந்தாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெட்டியை நேராக்குகிறாள் என்று தோன்றும். கொஞ்ச நேரத்துக்குத்தான் அப்படித் தோன்றும் என்று அவளுக்கும் தெரியும்.

திரையில் கழிமேடு துறைமுகம் அழகாக இருந்தது. மார்ச் மாத மதிய வெயில் பொன் தூள் தூவியதுபோல் பெட்டிகளின் மேல் படிந்திருந்தது. இரும்பு விளிம்புகள் கூர்மை இழந்து, பால் ஆடை போலக் கசிந்தன. நிழல்கள் கறுப்பாக இல்லை, மங்கிய நீலத்தில் இருந்தன. விளக்குகளைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். படம் முழுவதும் பழைய சினிமாவில் இருப்பதுபோல் நுண்மணல் உயிரோடு அசைந்தது.

அது கேமரா எடுத்த படம் அல்ல. உப்புக் காற்றிலும் நிலக்கரித் தூசியிலும் கேமராக் கண்ணாடி ஒரு வாரம் தாங்காது. கம்பங்களில் பொருத்திய கருவிகள் ஒளியை வீசி எல்லாவற்றையும் அளக்கும், அந்த அளவுகளை வைத்துக் கணினி துறைமுகத்தை நொடிக்கு நொடி புதிதாக வரையும். கிரேன்கள் சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் நின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் ஊருக்குத் தெற்கே, கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் படம் இப்படி இல்லை. கணினி வரைந்ததை அப்படியே காட்டினார்கள். கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்புகள், சுண்ணாம்பு வெள்ளை, தார்க் கறுப்பு. ஒரு முழு நாள் அதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தார்கள். கண்ணை மூடினாலும் கோடுகள் ஓடின. வேலையை விட்டுவிட்டுப் போனவர்களின் நாற்காலிகளில் ஆள் உட்கார வைப்பதே நிர்வாகத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. அப்போதுதான் சினிமாவில் வண்ணம் சேர்க்கும் வேலையில் இருந்த ரெஜினாவை அழைத்து வந்தார்கள். கண்ணுக்கு இதமாக, ஃபிலிமில் எடுத்த பழைய படம்போல் ஆக்கிக் கொடு என்றார்கள்.

ரெஜினா ராயபுரத்துப் பெண். அவள் அப்பா பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தோளில் காளையின் திமில்போல் ஒரு கட்டி இருக்கும். ஒருமுறை அவள் வண்ணம் சேர்த்த படத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். கதாநாயகன் மூட்டை தூக்கும் காட்சி. மூட்டையில் பஞ்சு, முதுகில் எண்ணெய் தடவிய வேர்வை, அதன்மேல் இவள் போட்ட மாலை வெயில். பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர், வெயில் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தூக்கியிருப்பேனே என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இந்த வேலையை அவள் மனம் ஒன்றித்தான் செய்தாள். படம் மாறிய பிறகு வாந்தி நின்றது, தலைவலி நின்றது. ஓட்டுநர்கள் அதற்குப் பால் படம் என்று பெயர் வைத்தார்கள்.

ஷிப்ட் மேலாளர் வரதன் சற்குணத்தின் பின்னால் வந்து நின்றார்.

"என்ன சற்குணம்மா, தொங்கவிட்டுட்டீங்க?"

"காத்து சார்."

"காத்து ஒண்ணும் காட்டலையே."

"அப்ப என் கண்ணுதான் சார். படத்த செத்த நேரம் பழைய மாதிரி போடச் சொல்றீங்களா? தல வலிக்குது."

தலை வலிக்கக் கூடாது என்றுதான் இந்தப் படத்தையே கொண்டுவந்தோம் என்று வரதன் சிரித்தார். கப்பல் முன்கூட்டியே வந்துவிட்டதையும், ஏழாம் வரிசையை ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பியாக வேண்டும் என்பதையும் நிதானமாகச் சொன்னார். அவர் கத்துகிற ஆள் இல்லை. முடியவில்லை என்றால் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"வாணாம் சார். நானே வெக்கிறேன். படம் போட்ட பொண்ண மட்டும் ஒரு தபா கூப்பிடுங்க."

வரதன் ரெஜினாவுக்குப் போன் செய்துவிட்டு அடுத்த நாற்காலிப் பக்கம் நகர்ந்தார். சற்குணம் குச்சியை அசைத்தாள். கோடு நீண்டது. ஏற்கனவே ஒருமுறை துறைமுகத்து சூப்பர்வைசரை மைக்கில் அழைத்து, ஏழாம் வரிசை காலியா என்று கேட்டிருந்தாள். காலி என்று பதில் வந்தது. அந்த ஆள் எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த பலகைத் திரையிலும் இதே பால் படம்தான்.

ரெஜினா பக்கத்து அறையிலிருந்து வந்தாள். படத்தைப் பற்றி யாரோ குறை சொல்கிறார்கள் என்ற கடுப்பு முகத்தில் தெரிந்தது. சற்குணம் அவளைக் குனியச் சொன்னாள். இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"யம்மா, அந்த சந்துக்குள்ள ஆளு கீறான்."

ரெஜினா திரையைப் பார்த்தாள். சந்து காலியாக, நீலமாக, குளுகுளுவென்று இருந்தது. "அட்டை எதுவும் காட்டலையேக்கா."

"அட்டையோட எவன் உள்ள போவான்?"

துறைமுகத்தில் பெட்டிகளின் மூலைப் பூட்டுகளைக் கழற்றும் ஆட்கள் எல்லோருக்கும் அட்டை தைத்த மஞ்சள் சட்டை உண்டு. எங்கே அட்டை இருக்கிறதோ அங்கே கணினி ஒரு ஆளை வரைந்து தலைக்குமேல் பெயரைப் போடும். எல்லோருக்கும் ஒரே உருவம்தான், தொப்பியோடு நிமிர்ந்து நிற்கும் உருவம். அட்டைக்குக் கீழே கிரேன் பெட்டியை இறக்காது. பாதுகாப்புக்காக வந்த அட்டை அது. ஆனால் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் பெயர் சிவப்பாகும், அரை நாள் கூலி போய்விடும். ஆட்களை வேலைக்கு விடும் காண்ட்ராக்டர் அதை அதற்குத்தான் பயன்படுத்தினார்.

சற்குணம் கண்ணால் திரையின் மூலையைக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூன்று உருவங்கள் நடந்துகொண்டிருந்தன. டில்லி, கன்னியப்பன், சாமுவேல் என்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மூன்று பேருக்கும் ஒரே கால், ஒரே அடி, ஒருவன் தோளுக்குள் இன்னொருவன் தோள்.

"அது மூணு பேரு இல்ல. ஒருத்தன்தான் மூணு சட்டையும் தோள்ல போட்டுக்கினு சுத்துறான். மத்த ரெண்டு பேரும் நெழல்ல படுத்துக்கினு கீறாங்கோ. முறை வெச்சி மாத்திக்குவாங்கோ. இந்த வெயில்ல வேற இன்னா பண்ணுவான்?"

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"பழைய படத்துல தெரியும்மா. ஆளு படுத்திருந்தா அந்த எடத்துல புழு நெளியிறமாதிரி ஒண்ணு நடுங்கும். நீ தொடச்சிட்டியே, அது."

ரெஜினாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அட்டை இல்லாத அசைவுகளை, காக்கை, நாய், பறக்கும் காகிதம் என்று கணினி அழித்துவிடும். அழித்தும் அழியாத மிச்சம் சில இடங்களில் சாம்பல் நிறத்தில் துடிக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். மென்மையான படத்துக்கு முதல் எதிரி அதுதான். அடுத்தடுத்த படங்களைக் கலந்து சராசரி எடுத்து அதை வழித்துப் போட்டாள். வழித்த இடம் மொழுக்கென்று தெரியாமலிருக்க அதன்மேல் நுண்மணலைத் தூவினாள். பாராட்டு வாங்கித் தந்த வேலை அது.

"நான் கேட்டேனேக்கா. படத்துல எதாச்சும் குறையுதான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து கேட்டேனே."

"யார பக்கத்துல நிக்க வெச்சிக்கினு கேட்ட?"

அப்போது வரதன்தான் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவரும் திரையைப் பார்த்து, அவரைப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று சொன்னார்கள். நடுக்கம் வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்திருந்தாலும் நடுக்கம் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் சந்துகளில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அன்றோடு வேலை போயிருக்கும். ஓட்டுநர்கள் யாரும் அந்த ஆட்களை நேரில் பார்த்ததில்லை. பேசியதில்லை. நடுங்கும் சந்தைத் தொடாமல் மற்ற பெட்டிகளை முதலில் வைப்பார்கள், அவ்வளவுதான். யாரும் யாரிடமும் கேட்டுக் கற்றதில்லை. சற்குணம் இங்கே வருவதற்கு முன் காசிமேட்டில் ஐஸ் உடைத்தவள், களைத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் படம் வந்தபிறகும் எந்த நேரத்தில் எந்தச் சந்தில் நிழல் விழும் என்ற நினைப்பை வைத்தே சமாளித்து வந்தார்கள். இன்றைக்குக் கப்பல் முந்திக்கொண்டு வந்து அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டது.

"ஒருத்தன எனக்கு நல்லா அடையாளம் தெரியும்" என்றாள் சற்குணம். "காலு ரெண்டும் மடக்கிக்கினுதான் படுப்பான். மடக்குன்னு பேரு வெச்சிகீறேன். எப்பவும் இந்த ஏழுலதான் படுப்பான். போய்ப் பாத்துட்டு வா. நான் எவ்ளோ நேரம் ஆட்டிக்கினு இருப்பேன்?"

ரெஜினா தன் அறைக்கு வேகமாக நடந்தாள். ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுடைய சோதனைத் திரையில் மட்டும் பூச்சு ஏறாத பச்சைப் படத்தைப் பார்க்கலாம். ஏழாம் வரிசையைத் திறந்தாள். வெள்ளை, கறுப்பு, வெட்டுக்கோடுகள். சந்தின் அடியில், வடக்குப் பெட்டியை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதைப் படத்தின் குறையாக மட்டுமே பார்த்தவள் இப்போது உற்றுப் பார்த்தாள். துடிப்பு ஒழுங்காக இருந்தது. ஏறியது, இறங்கியது. மார்புக்கூடு மூச்சு விடுகிற ஒழுங்கு. கீழ்ப்பக்கம் துடிப்பில்லாமல் இரண்டு மடிப்புகள். முழங்கால்கள்.

இரண்டாவது ஆள் எந்த வரிசையில் என்று தெரியாது. தேட நேரமில்லை. எல்லாக் கிரேன்களும் ஓடிக்கொண்டிருந்தன.

வரதனிடம் சொன்னால் நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்பார். சொன்னால் கீழே இருப்பவர்கள் போவார்கள், சற்குணமும் போவாள். பூச்சை எடுத்துவிடலாம் என்றால் அது அவள் கையில் இல்லை. பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தின் எல்லா அமைப்புகளையும் பூட்டிவிட்டார்கள். வெயிலுக்குத் தகுந்தபடி ஒளிக்கசிவைக் கூட்டிக் குறைக்கும் ஒன்றை மட்டும் அவளிடம் விட்டுவைத்திருந்தார்கள்.

கதவு வழியாக வரதன் மறுபடி சற்குணத்தை நோக்கி நடப்பது தெரிந்தது. அவர் கையை நீட்டினார். வேலையை மாற்றப் போகிறார்.

ரெஜினா கசிவைப் பிடித்து மேலே தள்ளினாள். கடைசிவரை தள்ளினாள்.

விளக்குகளைச் சுற்றியிருந்த வளையங்கள் முதலில் வீங்கின. பெட்டிகளின் விளிம்புகள் உருகின. பிறகு வெயில் பட்ட இடமெல்லாம் பொங்கி, நிழலுக்குள் வழிந்து, அறையிலிருந்த அத்தனை திரைகளும் அடுப்பில் வைத்த பால் பொங்கியதுபோல் ஒரே வெள்ளையாக நிரம்பின. ஓட்டுநர்கள் குச்சியிலிருந்து கையை எடுத்தார்கள். படம் தெரியாவிட்டால் கையை எடுக்க வேண்டும், அதுதான் விதி. கிரேன்கள் நின்றன. எல்லாக் கிரேன்களும் ஒரே நேரத்தில் நின்றால் துறைமுகத்தில் சங்கு ஊதும்.

பச்சைப் படத்தில் ஏழாம் வரிசையின் துடிப்பு திடீரென்று கலைந்தது. எழுந்தது. சாம்பல் சிதறல் ஒன்று சந்தைவிட்டு வெளியே ஓடியது. நான்காம் வரிசையிலிருந்து இன்னொன்று. இரண்டும் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போயின. அங்கே மூன்றாகக் குவிந்திருந்த உருவங்கள் பிரிந்து தனித்தனி மனிதர்களாயின. ரெஜினா கசிவைக் கீழே இறக்கினாள்.

கை தவறிப் பட்டுவிட்டது என்று வரதனிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. இனிமேல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சற்குணம் பெட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும்போது அவளைப் பார்த்து, பால அடுப்புல வெச்சிட்டு எங்கம்மா போன என்று மட்டும் கேட்டாள்.

வரதன் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பாதியில் விடுகிற ஆளும் இல்லை. துறைமுகம் நின்றுபோனதற்கு மேலே பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலையிலேயே அந்த நேரத்துப் பதிவுகள் எல்லாவற்றையும், பச்சைப் படத்தையும் சேர்த்து எடுத்துப் பார்த்தார். ரெஜினாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏழாம் வரிசையில் துடித்தது எழுந்து ஓடியதை மறுபடி மறுபடி ஓடவிட்டார்.

"இது மனுஷன்தானே?"

வரதன் படத்தை நிறுத்தினார்.

"மேல பெட்டி தொங்குது. கீழ மனுஷன் தூங்குறான். நாம கொலை பண்ணியிருப்போம் ரெஜினா." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. "நீங்க கை தவறித் தொட்டதா நான் நம்பல. ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கீங்க. யாரையும் நான் விசாரிக்கப் போறதில்ல. ஆனா இனிமே இப்படி நடக்கக் கூடாது. அத நீங்கதான் செஞ்சு கொடுக்கணும்."

செய்ய வேண்டியது சுலபம்தான். எந்தத் துடிப்பு நாய், எந்தத் துடிப்பு காகிதம், எந்தத் துடிப்பு மனிதன் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அட்டை இல்லாத மனிதன் எங்கே படுத்திருந்தாலும் அந்த வரிசைக் கிரேன் நிற்கும், சங்கு ஊதும், அவன் சட்டை எங்கே இருக்கிறது என்றும் காண்ட்ராக்டருக்குச் செய்தி போகும். அட்டை இருக்கும் இடத்தில் கணினி தேட வேண்டியதில்லை, அங்கேதான் ஆள் இருக்கிறானே. நிழல் காவல் என்று அதற்கு வரதனே பெயர் வைத்தார்.

ரெஜினா கேண்டீனில் சற்குணத்திடம் விஷயத்தைச் சொன்னாள். செய்யமாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். நீ செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்றாள் சற்குணம். சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை மென்று துப்பினாள்.

"சாவமாட்டான்ல? அப்ப செய்யி. ஆனா அவனுங்கள எங்க படுக்கச் சொல்லப் போற?"

ரெஜினா அதைக் கூட்டத்தில் கேட்டாள். நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். காண்ட்ராக்டரிடம் பேசி, நுழைவாயில் அருகில் தகரக் கொட்டகை ஒன்றும் போட்டுக் கொடுத்தார்கள். ஏழாம் வரிசையிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் ஓய்வு நேரம் முடிந்துவிடும். கொட்டகையில் நாய்கள் படுத்தன.

நிழல் காவல் வந்த முதல் வாரம் சங்கு அடிக்கடி ஊதியது. பிறகு ஊதவில்லை. திரையில் மூன்று பேர் ஒட்டி நடப்பது நின்றுபோனது. டில்லி என்ற பெயரே காணாமல் போனது, மூன்று சட்டையைச் சுமந்து கையும் களவுமாகப் பிடிபட்டவன் அவன்தான். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு சட்டையோடு, தனித்தனியாக, வெயிலில் நின்றார்கள். நிர்வாகத்தின் மேலிடத்திலிருந்து வரதனுக்கும் ரெஜினாவுக்கும் பாராட்டு வந்தது. பால் படத்தை இன்னும் கொஞ்சம் இதமாக்கினால் நன்றாக இருக்கும் என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ரெஜினா மாலைப் பொன்னை இன்னும் ஒரு பிடி சேர்த்தாள்.

கத்தரி வெயிலின் உச்சத்தில் ஒரு மதியம், புதிய வண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் சற்குணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பச்சைப் படம் தெரியும் சிறு பலகைத் திரை. இந்தமுறை வரதன் உடன் இல்லை.

"நல்லாக்கீதும்மா" என்றாள் சற்குணம். "பெட்டியெல்லாம் மைசூர்பாகு மாதிரி கீது. கடிச்சித் தின்னலாம்." குச்சியைத் தள்ளினாள். பெட்டி பூப்போல இறங்கியது. "அதோ பாரு ஒருத்தன். இன்னா ஸ்டைலா நிக்கிறான். உன் சினிமாக்காரன் தோத்தான்."

ஆறாம் வரிசைக்கும் ஏழாம் வரிசைக்கும் நடுவில், திறந்த தரையில் ஒரு உருவம் நின்றது. தொப்பி, நிமிர்ந்த தோள்கள், பின்னாலிருந்து விழும் பொன் வெளிச்சம், தோள் விளிம்பில் கசியும் ஒளி. தலைக்குமேல் கன்னியப்பன் என்ற பெயர். ரெஜினா அந்த ஒளியைத் தனக்குள் மெச்சிக்கொண்டாள். நன்றாக வந்திருந்தது.

சற்குணம் இன்னொரு பெட்டி வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். அதையும் வைத்தாள்.

"அவன் அசையவே இல்லியே" என்றாள்.

பெயர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போய், அங்கிருந்து சிவப்பானது. கீழே சிறிய எழுத்தில், ஓய்வு மீறல், தகவல் அனுப்பப்பட்டது என்று வந்தது. அரை நாள் போய்விட்டது. உருவம் அப்படியே பொன் வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றது.

"செவப்பானா ஓடுவானுங்களே" என்றாள் சற்குணம். குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பச்சைக் கோடு குறுகத் தொடங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. "யம்மா, உன் பலகையில பாரு."

ரெஜினா பச்சைப் படத்தைத் திறந்தாள். அட்டை இருந்த இடத்தில் கணினி நிற்கவைத்த உருவத்தை நீக்கினாள். கீழே, சுண்ணாம்பு வெள்ளைத் தரையில், ஒருவன் பக்கவாட்டில் கிடந்தான். தொப்பி தள்ளிப் போய்க் கிடந்தது. முழங்கால்கள் இரண்டும் வயிற்றை நோக்கி மடங்கியிருந்தன.

"ஐயோ" என்று சற்குணம் மெதுவாகச் சொன்னாள். "மடக்கு."

ரெஜினா அந்த மார்பையே பார்த்தாள். துடிப்புக்காகக் காத்திருந்தாள். திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். கறுப்பு கறுப்பாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு கோடும் ஊசி முனையால் கீறியதுபோல் நின்றது. மணல் இல்லை, கசிவு இல்லை, சாம்பல் துடிப்பு இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமான படத்தை அவள் பார்த்ததே இல்லை.

சற்குணம் மைக்கைப் பொத்தவில்லை. அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி துறைமுகத்து சூப்பர்வைசரை அழைத்தாள்.

"ஏழாம் வரிசையாண்ட ஆளு விழுந்துகீறான். கன்னியப்பன். தண்ணி எடுத்துக்கினு ஓடுங்க, ஆம்புலன்சு கூப்பிடுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அந்த ஆள் எங்கோ நிழலில் தன் பலகைத் திரையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பதில் வந்தது, பொறுமையாக, ஒரு பெண்பிள்ளையின் பதற்றத்தைத் தணிக்கிற குரலில்.

"விழலம்மா. நிக்கிறான். நல்லாத்தான் நிக்கிறான், எனக்கு இங்க தெளிவாத் தெரியுதே."